எந்த அடி? எந்தச் சங்கிலி?

பழைய நீள அளவுகளை மீட்டருக்கு மாற்றுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: பழைய நில ஆவணம் ஒன்றில் ஒரு பக்கத்தின் நீளம் ‘23 சங்கிலி 47 லிங்க்’ என்று இருக்கிறது. மீட்டரில் எவ்வளவு?

பதில்: அது கன்டர் சங்கிலி என்றால் 472.14 மீட்டர். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் கொண்டுவந்த இந்தச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 லிங்க். அதனால் லிங்கை அப்படியே புள்ளிக்குப் பின்னால் போட்டுவிடலாம்: 23.47 சங்கிலி. அதை 20.1168-ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது. 66 என்பது வேண்டுமென்றே குழப்ப வைத்த எண் போலத் தெரியும். ஆனால் 10 சங்கிலி ஒரு பர்லாங், 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். வயலில் நின்றுகொண்டே பரப்பு போட இதைவிட வசதி கிடையாது.

ஒரு சிக்கல்: 100 அடி நீளப் பொறியாளர் சங்கிலியும் புழக்கத்தில் இருந்தது. அதிலும் 100 லிங்க்தான், ஒவ்வொன்றும் ஓர் அடி. உங்கள் ஆவணம் அந்தச் சங்கிலியில் அளந்தது என்றால் விடை 715.37 மீட்டர்! எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆவணத்தில் ஏக்கர் குறித்திருந்தால், பக்க நீளங்களிலிருந்து பரப்பைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். தவறான சங்கிலியைப் பிடித்திருந்தால் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் விலகி நிற்கும்.

கேள்வி: ஒரு நிலத்தின் நான்கு பக்கங்களையும் கோணங்களையும் பழைய குறிப்பிலிருந்து எடுத்து வரைந்தேன். கடைசிப் பக்கம் தொடங்கிய புள்ளிக்கு வந்து சேரவில்லை. சுமார் 4 மீட்டர் இடைவெளி. மாற்றுக் கணக்கு தவறா?

பதில்: ‘4 மீட்டர்’ என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 20 லிங்க் என்பது 4.02 மீட்டர்.

கன்டர் சங்கிலியில் பத்து லிங்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். பத்தாவதில் ஒரு பல், இருபதில் இரண்டு, முப்பதில் மூன்று, நாற்பதில் நான்கு. நடுவில், ஐம்பதில், வட்ட வில்லை. அதற்கப்புறம் பற்கள் திரும்பக் குறையும்: அறுபதில் நான்கு, எழுபதில் மூன்று என்று. எந்த முனையிலிருந்தும் அளக்க வசதியாகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் வட்ட வில்லையைத் தாண்டியாயிற்றா என்று பார்க்காமல் நான்கு பல்லைப் படிப்பவர் 60-ஐ 40 என்று எழுதிவிடுவார். இடைவெளி எந்தப் பக்கத்தின் திசையில் இருக்கிறது என்று பாருங்கள்; அந்தப் பக்கத்தில் 40-ஐ ஒட்டியோ 60-ஐ ஒட்டியோ லிங்க் எண் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இடைவெளி 8 மீட்டராக இருந்திருந்தால் 30-க்கும் 70-க்கும் நடந்த குழப்பம் என்று நினைத்திருப்பேன்.

அது இல்லை என்றால், சங்கிலி நீண்டிருக்கலாம். வளையங்கள் தேயத் தேயச் சங்கிலி நீளும். நீண்ட சங்கிலி தூரத்தைக் குறைத்துக் காட்டும். 2 அங்குலம் நீண்டிருந்தால் ஒரு மைலுக்கு 160 அங்குலம், அதாவது 13 அடிக்கு மேல் போய்விடும். எல்லாப் பக்கங்களையும் ஒரே சங்கிலியில் அளந்திருந்தால் உருவம் மூடிக்கொள்ளும், அளவு மட்டும் சிறிதாக வரும். ஆகவே இதில் மூடாத உருவம் என்றால், நடுவில் சங்கிலி மாறியது என்று பொருள்.

இப்படிப்பட்ட அளவுகளை மீட்டராக்கி மூன்று தசமம் போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர். மில்லிமீட்டருக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: ராட், போல், பெர்ச் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: நில அளவையில் மூன்றும் ஒன்றுதான்: பதினாறரை அடி, 5.0292 மீட்டர். கால் சங்கிலி. பெர்ச் என்பது சில ஆவணங்களில் பரப்பாகவும் வரும், அதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: அமெரிக்க வரைபட ஆயத்தொலைவுகளை மாற்றினால் எல்லாப் புள்ளிகளும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி விழுகின்றன. ஏன்?

பதில்: அடி மாறிவிட்டது. 1959-இல் ஓர் அடி சரியாக 0.3048 மீட்டர் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அமெரிக்க நில அளவையில் 1893-ஆம் ஆண்டின் பழைய அடியே (‘சர்வே அடி’), 1200/3937 மீட்டர், 2022 முடிவு வரை நீடித்தது. வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. வீட்டுமனைக்கு ஒன்றுமே இல்லை. 20 லட்சம் அடி என்று தொடங்கும் ஆயத்தொலைவிலோ 4 அடி, அதாவது 1.22 மீட்டர். மென்பொருளில் ‘சர்வே அடி’யைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வரைபடத்தில் அளவுகோல் துவாசிலும் லீகிலும் இருக்கிறது. துவாஸ் = 2 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், 100-க்கு இரண்டரைக்கு மேல் பிழை வரும். துவாஸ் என்பது 6 பிரெஞ்சு அடி, 864 லீன் (லீன் என்பது பிரெஞ்சு அடியில் 144-இல் ஒரு பங்கு). 1799-இல் மீட்டரையே 443.296 லீன் என்றுதான் வரையறுத்தார்கள். வகுத்தால் ஒரு துவாஸ் 1.949 மீட்டர்.

லீக் தான் தொல்லை. 2,000 துவாஸ் கொண்ட அஞ்சல் லீக் 3.9 கிலோமீட்டர், அட்சரேகையில் ஒரு பாகைத் தூரத்துக்கு 25 என்ற கணக்கில் வரும் லீக் 4.44, ஒரு பாகைக்கு 20 என்ற கடல் லீக் 5.56. எது என்று வரைபடத்தில் எழுதவில்லை என்றால், இன்றும் அதே இடத்தில் நிற்கும் இரண்டு பழைய கோபுரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் இடைவெளியை வரைபடத்திலும் இன்றைய மீட்டரிலும் அளந்துவிடுங்கள். மூன்றில் எது பொருந்துகிறதோ அதுதான்.