பழைய ரீல் மெஷின், வால்வு மைக்: கேட்டவையும் சொன்னவையும்

பழைய ஒலிப்பதிவுக் கருவிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் பல வருடமாக என் வேலை. ரீல் மெஷின், வால்வு மைக், கம்ப்ரெசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கருவி), கன்சோல் (ஒலிக்கலவை மேசை) பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கிராமபோன் ஊசி, ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் வேறு ஆட்களின் பேட்டை. விலை கேட்காதீர்கள். அப்புறம் ஒன்று, இதை நான் பத்து தடவை சொல்லப் போகிறேன், முதல் தடவையாக இங்கே: வருடக்கணக்கில் தூங்கிய கருவியை நேராகக் கரண்டில் செருகாதீர்கள்.

கேள்வி: தாத்தாவின் ஸ்பூல் டேப் மெஷின் பரணில் கிடைத்தது. இருபது வருடமாக யாரும் தொடவில்லை. ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

செருகிப் பார்க்கக் கூடாது. இரண்டாவது தடவை. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. பல வருடம் சும்மா கிடந்தால் அந்தப் படலம் நைந்துபோகும். திடீரென முழு வோல்டேஜ் வந்தால் கசிந்து, சூடாகி, வெடிக்கவும் செய்யும். கூடவே டிரான்ஸ்பார்மரையும் இழுத்துக்கொண்டு போனால், பழுது பார்க்கக்கூடிய மெஷின் பொம்மையாகிவிடும்.

முதலில் பின்பக்கம் வோல்டேஜ் தேர்வு 110 இல் இருக்கிறதா, 220 இல் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரைத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் உருகிய தார் மாதிரி விரலில் ஒட்டினால் அதை மாற்ற வேண்டும். பிறகு வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மெல்ல ஏற்றியோ, கரண்டை மட்டுப்படுத்த சீரிஸ் பல்பு போட்டோ எழுப்பச் சொல்லுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த பழைய சின்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்து ஓடும் மோட்டார்) மெஷினாக இருந்தால், 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். பாடகர் மூன்று அரைச்சுரம் கீழே பாடுவார். அது பழுதல்ல, பயப்படாதீர்கள்.

கேள்வி: இந்தப் பழைய சாமான்களுக்கு ஏன் இத்தனை மவுசு? வெறும் ஏக்கம்தானே, சார்?

ஏக்கமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அளந்து காட்டக்கூடிய விஷயமும் இருக்கிறது.

டேப்பை எடுத்துக்கொள்வோம். அதில் பூசிய காந்தத் துகள்கள் ஓர் அளவுக்கு மேல் காந்தம் ஏற்காது. டிஜிட்டலில் உச்சம் தாண்டினால் அலையின் தலை வெட்டப்பட்டுவிடும். டேப்பில் அந்தத் தலை மெல்ல வளையும். வளையும்போது மூன்றாம் ஹார்மோனிக், அதாவது மூல ஒலியைப்போல மூன்று மடங்கு அதிர்வெண், முளைக்கிறது. சட்ஜம் பாடினால் அதற்கு மேல் ஸ்தாயிப் பஞ்சமம் லேசாகக் கூடவே கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விகாரம் 3 சதவீதத்தைத் தொடும் இடத்தைத்தான் டேப்பின் உச்ச அளவாகக் கணக்கிட்டார்கள். ஒற்றை டிரையோடு வால்வில் பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மேல் சட்ஜம். டிரான்ஸ்பார்மரின் இரும்பு, அடித்தட்டு ஒலியில்தான் அதிகம் கைவைக்கும். இப்படி ஒவ்வொன்றும் ஒரு குறைபாடு. அந்தக் குறைபாடு நம் காதுக்கு ஒத்துப்போகிற மாதிரி அமைந்துவிட்டது.

ஆனால் அன்று யாரும் இந்த 'வெதுவெதுப்பு'க்காக உழைக்கவில்லை. சுத்தமான ஒலிக்குத்தான் போராடினார்கள். 1935 இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. என்ற ஜெர்மன் நிறுவனம் காட்டிய மேக்னெட்டோபோன் டேப் மெஷினில் ஒரே இரைச்சல். 1940 இல் ஜெர்மன் வானொலிப் பொறியாளர் வால்டர் வெபர் வேலை செய்துகொண்டிருந்தபோது ஓர் ஆம்பிளிஃபயர் தானாக ஊசலாட ஆரம்பித்து, அந்தப் பதிவில் மட்டும் இரைச்சல் சடாரென்று குறைந்தது. கேட்கவே முடியாத உயர் அதிர்வெண்ணை ஒலியோடு கலந்து, டேப்பில் பதிக்கும் பாகமான ஹெட்டுக்கு அனுப்பினால் டேப் ஒழுங்காகப் பதியும் என்பது அப்படித்தான் பிடிபட்டது. ஏ.சி. பயாஸ் என்கிறோம். போர் முடிந்ததும் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் மல்லின் அந்த மெஷின்களில் இரண்டை அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார். 1948 இல் ஆம்பெக்ஸ் 200 என்ற அமெரிக்க டேப் மெஷின் வந்தது. ஒரு பழுதிலிருந்து பிறந்த தொழில் இது. எனக்கு அதனாலேயே இதன் மேல் ஒரு தனிப் பாசம்.

மவுசுக்கு இன்னொரு காரணம், இவற்றைத் திறக்க முடியும். திருகைக் கழற்றினால் உள்ளே ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், சர்க்யூட் வரைபடம் கிடைக்கும். ஐம்பது வருடப் பழைய ஸ்டூடர் டேப் மெஷினை இன்றும் புதிதுபோல ஓட வைக்கலாம்.

கேள்வி: நியூமன் யு 47 ஏன் எல்லாவற்றுக்கும் மேலே?

1949 இல் வந்த மைக். அதற்குள் இருக்கும் வி.எஃப். 14 வால்வு மைக்குக்கென்று செய்ததே இல்லை, ரேடியோவுக்குச் செய்தது. 55 வோல்ட் ஹீட்டரை 36 வோல்ட் அளவில்தான் சூடாக்கினார்கள். வந்த வால்வுகளில் இரைச்சல் குறைந்ததைப் பொறுக்கி எடுத்தார்கள். அந்த வால்வு உற்பத்தி நின்றதும் கதை முடிந்தது. 1960 இல் வந்த யு 67 இல் ஈ.எஃப். 86 என்ற வேறு வால்வு. இல்லாத பொருளுக்குத்தானே கிராக்கி.

கேள்வி: யு 67 இப்போது என்ன விலை போகும்?

முதல் பத்தியைப் படிக்கவும்.

கேள்வி: டிஜிட்டல் ஒலியைப் படிக்கட்டு மாதிரி வெட்டிவிடுகிறது, டேப் அப்படிச் செய்யாது. அதுதானே ரகசியம்?

இல்லை. வெளியே வரும் அலை வழவழப்பாகத்தான் வரும். படிக்கட்டு இருப்பது விளக்கப் படத்தில் மட்டும். 16 பிட் டிஜிட்டலின் இரைச்சல் தளமும் டேப்பைவிடக் கீழே. டேப்பைப் பிடிக்கும் என்றால் பிடிக்கும் என்று சொல்லுங்கள், பொய்க் காரணம் வேண்டாம்.

கேள்வி: எண்பதுகளின் ரீல் ஒன்று ஓடும்போது கிறீச்சிடுகிறது, ஹெட்டில் பழுப்பாக ஏதோ ஒட்டுகிறது.

உடனே நிறுத்துங்கள். டேப்பில் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பாலியூரிதேன் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிட்டது. நீங்கள் ஓட்ட ஓட்ட, உதிர்வது அழுக்கல்ல, பாட்டு. ஆம்பெக்ஸ் 456, 406 போன்றவற்றில் இது சகஜம். சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ மிதமாகச் சூடாக்கினால் ஈரம் விலகி, சில வாரங்களுக்கு ஓடும். அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். வீட்டு ஓவனில் வைக்காதீர்கள், அதன் முள் காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று.

ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் அது அசிடேட் டேப், ஐம்பதுகள் அறுபதுகளின் சரக்கு. அதை ஒருபோதும் சூடாக்கக் கூடாது. திரும்பி வராத பதிவு என்றால் நீங்கள் எதுவும் செய்யாமல் இதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 1176 கம்ப்ரெசர் ஒன்று வாங்கினேன். கெபாசிட்டர் எல்லாம் ஒரிஜினல். மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் அந்தப் பழைய ஒலி போய்விடாதா?

1176 வந்தது 1967 இல். அதை வைத்துப் பேர்பெற்ற பதிவுகளைச் செய்தபோது அந்தக் கெபாசிட்டர்கள் சுடச்சுடப் புதிது. நீங்கள் காப்பாற்ற நினைப்பது அந்த ஒலியையா, காய்ந்துபோன கெபாசிட்டரின் ஒலியையா?

அதே நண்பர்: என் நண்பர் ஒருவர் மாற்றினார், ஒலி கரகரப்பாகிவிட்டது என்றார்.

மாற்றிய பிறகு மறுபடி கேலிப்ரேட் செய்தாரா (அளவுகளைச் சரிபார்த்துத் திருத்தினாரா) என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. இரண்டாவது, முன்பும் பின்பும் ஒரே அளவில் வைத்துக் கேட்டாரா? அரை டெசிபெல் கூடினாலே காது வேறு ஒலி என்று சொல்லிவிடும்.

இன்னொருவர்: ஐயா, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிப் போடுவதும் தப்புதானே? நான் பழுதானதை மட்டும் மாற்றுவேன்.

இதில் உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக்குகளை யோசிக்காமல் மாற்றுவேன். ஒலி போகும் வழியில் உள்ளதை அளந்து பார்த்து மாற்றுவேன். ஃபிலிம், செராமிக் வகைகளில் கைவைக்க மாட்டேன். கழற்றியதை எல்லாம் பையில் போட்டுக் கருவியோடு கொடுத்துவிடுவேன். ஆரம்ப நாட்களில் ஒரு கன்சோலின் கெபாசிட்டர் அத்தனையையும் ஒரே ராத்திரியில் மாற்றினேன், வீரம்! ஒன்றைத் தலைகீழாகப் பற்றவைத்திருந்தேன். கண்டுபிடிக்க மூன்று நாள். அதிலிருந்து ஒன்றை மாற்றுவேன், சோதிப்பேன், அடுத்ததற்குப் போவேன்.

முதல் நண்பர்: அப்படியென்றால் வயதானால் ஒலி மாறவே மாறாதா?

மாறும். நான் மறுத்தது அதை இல்லை. எல்.ஏ. 2ஏ கம்ப்ரெசருக்குள் ஒளிரும் தகடும் அதைப் பார்க்கும் ஒளி உணரியும் இருக்கின்றன. தகடு வருடம் போகப்போக மங்கும், கம்ப்ரெஷன் குறையும். பழைய யு 47 மைக்கின் பி.வி.சி. சவ்வு இறுகி விறைத்துப்போகும். இதையெல்லாம் சிலர் 'பக்குவம்' என்கிறார்கள். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கருவி. ஆனால் இது நீங்கள் இசைத்தட்டில் கேட்ட ஒலி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொருவர்: பவர் சப்ளையிலும் நல்லதாக இருந்தால் ஏன் மாற்ற வேண்டும்?

அது போனால் தனியாகப் போகாது, அதனால்தான். கெபாசிட்டர் பற்றி இன்னும் நான்கு கேள்வி வந்திருக்கிறது. நான்குக்கும் மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: ரிப்பன் மைக்குக்கு (மெல்லிய உலோகப் பட்டை அதிரும் மைக்) கேபிள் வழியாக 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் கொடுத்தால் செத்துவிடுமா?

கேபிள் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலோ, பேட்ச் பேயில் (கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகும் பலகை) செருகி எடுத்தாலோ ரிப்பன் இழுபட்டுக் கிழியலாம். அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

கேள்வி: கேசட் டெக் ஒன்று இருக்கிறது. என்ன விலைக்குக் கொடுக்கலாம்?

விலை. மறுபடியும்.

கேள்வி: டர்ன்டேபிளில் ஊசி தாவுகிறது.

வேறு பேட்டை என்று சொன்னேனே. அவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: டேப்பில் பதிவு செய்ய முதன்முதலாக ஒரு மெஷின் வாங்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும், அண்ணா?

ஹெட்டைப் பாருங்கள், தம்பி. பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். அழிக்க, பதிய, கேட்க என்று மூன்று தனித்தனி ஹெட் இருந்தால், பதியும்போதே டேப்பிலிருந்து கேட்டுப் பார்க்கலாம். ஹெட்டின் முகத்தில் டேப் ஓடிய தடம் நகத்தால் தடவினால் பள்ளமாகப் படுகிறதா? லேசான தேய்மானத்தை மறுபடி தேய்த்துச் சமன் செய்யலாம், ஆழமாக இருந்தால் விட்டுவிடுங்கள், உங்களுக்கு ஹெட் தேடுவதே வேலையாகிவிடும். வினாடிக்கு 38 செ.மீ. வேகம் இருந்தால் நல்லது. ரெவாக்ஸ் பி77 இல் 19, 38 என்று ஓடும் வகையும் உண்டு, 9.5, 19 என்று ஓடும் வகையும் உண்டு, பார்த்து எடுங்கள். புதிய டேப்புக்குக் கவலை வேண்டாம், பிரான்சிலும் அமெரிக்காவிலும் இன்னும் செய்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்யக் கூடாது என்று உங்களுக்கே தெரியும்.

பரண் நண்பர் மறுபடியும்: மன்னிக்கணும், ஆர்வத்தில் செருகிவிட்டேன். பத்து நிமிஷம் நன்றாக ஓடியது. அப்புறம் 'டப்' என்று சத்தம், வெள்ளைப் புகை, தாங்க முடியாத நாற்றம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டீர்களா? சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகையை முகராதீர்கள். உள்ளே கையை விடாதீர்கள், பெரிய கெபாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் நிற்கும்.

பத்து நிமிஷம் ஓடியது என்கிறீர்கள், வெள்ளைப் புகை என்கிறீர்கள். பெரும்பாலும் மெயின்ஸ் கரண்ட் உள்ளே வரும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட வைத்த காகிதக் கெபாசிட்டராக இருக்கும். தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரிச் சின்னப் பெட்டி, மேலே மயிரிழை விரிசல்கள். அந்த விரிசல் வழியாக ஈரம் புகுந்து வெடித்துவிடும். அது மட்டும்தான் என்றால் மெஷின் பிழைத்துக்கொள்ளும். நாளைக்கு வெளிச்சத்தில் மூடியைத் திறந்து, எதையும் தொடாமல், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.