கணக்கெழுதும் தொழிலும் வரித் தாக்கலும்: ஒரு பெற்றோரின் தயக்கத்துக்குப் பதில்

வணிகவியல் பட்டம் பெற்ற உங்கள் மகள், பெரிய நிறுவனம் எதிலும் சேராமல், தனிநபர்களுக்கும் சிறு தொழில் நடத்துவோருக்கும் கணக்கு எழுதிக் கொடுத்து, வரிக் கணக்கும் தாக்கல் செய்து தரும் தொழிலில் இறங்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையைக் கணினி விழுங்கிவிடுமோ என்பது உங்கள் முதல் கவலை. பட்டயக் கணக்காளர் தேர்வை எழுதாமல் இதில் இறங்கினால் கடைசிவரை எழுத்தர் நிலையிலேயே நின்றுவிடுவாரோ என்பது இரண்டாவது. இரண்டும் நியாயமான கவலைகள்தாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில் நிலைக்கும். ஆனால் இதற்குள் நுழைய வேண்டிய வாசல் வரி அன்று, கணக்கு. வரிப் படிவத்தை நிரப்பக் கற்றுக்கொண்டு தொழிலைத் தொடங்குபவர்கள் சீக்கிரம் திணறுவதையும், கணக்கில் ஊறிய பிறகு வரிக்கு வருபவர்கள் நிலைத்து நிற்பதையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

கணினியைப் பற்றிய அச்சம் புதிதன்று. 1979-இல் விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள் வந்தபோதே, மணிக்கணக்கில் உட்கார்ந்து கூட்டிக் கழிக்கும் வேலை குறையத் தொடங்கிவிட்டது. இன்றைய மென்பொருள்கள் வங்கிக் கணக்கின் வரவு செலவுகளைத் தாமே இழுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு தலைப்பின் கீழ் வைத்தும்விடுகின்றன. ஆகவே பதிவு செய்வது மட்டுமே தெரிந்தவருக்கு இனி வேலை குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சிறு தொழிலின் வங்கிக் கணக்கில் ஒரு நாள் 2,00,000 வரவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது விற்பனைப் பணமா, வாடிக்கையாளர் கொடுத்த முன்பணமா, வாங்கிய கடனா, உரிமையாளர் தம் சேமிப்பிலிருந்து போட்ட முதலா? வங்கி அறிக்கையில் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். கடனை வருமானமாக எழுதிவிட்டால் கட்ட வேண்டாத வரியை அவர் கட்டுவார். விற்பனையைக் கடனாக எழுதிவிட்டால் அது வருமானத்தை மறைத்த குற்றமாகும். உரிமையாளரைக் கேட்டு, ஆவணத்தைப் பார்த்து, இன்னது என்று முடிவு செய்கிறவருக்குத்தான் அந்தத் தொழில் ஊதியம் தருகிறது.

உங்கள் மகளுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பதை அறிய மதிப்பெண்களைப் பார்க்க வேண்டாம். கணக்கு இடிக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மாத இறுதியில், கணக்குகளைத் தலைப்புவாரியாக எழுதிவைக்கும் பேரேட்டிலுள்ள வங்கி இருப்பையும் வங்கி தரும் அறிக்கையையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போவது அரிது. கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போயிருக்காது. வங்கி பிடித்த கட்டணம் நம் ஏட்டில் ஏறியிருக்காது. இவற்றையெல்லாம் சரிக்கட்டிய பிறகும் 180 வித்தியாசம் நிற்கிறது என்றால், அனுபவமுள்ளவர் உடனே அது ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்பார். வகுபட்டால், பெரும்பாலும் ஏதோ ஓர் எண்ணின் அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். 4,680 என்பதை 4,860 என்று யாரோ எழுதியிருப்பார்கள். எல்லாக் கணக்குகளின் பற்று இருப்புகளையும் வரவு இருப்புகளையும் இரு பக்கமாகக் கூட்டிச் சமமா என்று பார்க்கும் பட்டியலான இருப்பாய்வு ஒத்துவராதபோது வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையைத் தேடுவதும் உண்டு, ஏனெனில் பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் பிழை இருமடங்காகத் தெரியும். இப்படித் துருவிக் கண்டுபிடிப்பதில் ஒருவருக்கு இன்பம் இருந்தால் அவர் இந்தத் தொழிலுக்குப் பிறந்தவர். வித்தியாசத்தை, காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு எழுந்துபோகத் தோன்றினால், வேறு துறையை யோசிப்பதே அவருக்கும் நல்லது.

இருப்பாய்வு பைசா சுத்தமாக ஒத்துவந்த பிறகும் கணக்கு தவறாக இருக்க முடியும் என்பதைப் பல மாணவர்கள் வேலைக்கு வந்த பிறகுதான் உணர்கிறார்கள். பல ஆண்டுகள் உழைக்கப்போகும் இயந்திரத்தின் விலையைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினாலும், உரிமையாளர் வீட்டுத் தேவைக்கு எடுத்த பணத்தைத் தொழிலின் செலவாக எழுதினாலும், கடன் தவணை முழுவதையும் வட்டியாகக் காட்டினாலும், இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். விற்பனை வரி இன்னும் வஞ்சகமானது: வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குச் செலுத்த வேண்டிய அந்தப் பணத்தைத் தம் வருவாயென்று எண்ணிச் செலவழித்துவிட்டு, கெடு நாளில் கையைப் பிசையும் சிறு தொழில்முனைவோர் ஏராளம். மாதந்தோறும் அந்தத் தொகையைத் தனியே பிரித்துக்காட்டும் ஒரு கணக்கர் இருந்தால் அந்தத் தொழில் பிழைத்துக்கொள்ளும். உங்கள் மகள் செய்ய விரும்பும் வேலை சிறியது என்று நீங்கள் நினைத்தால், இதை நினைத்துப்பாருங்கள்.

கணக்கிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வரிச் சட்டம் ஆண்டுதோறும் மாறும், நாட்டுக்கு நாடும் மாறும். ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையோ, வெனிஸ் வணிகர்கள் கையாண்டுவந்ததை 1494-இல் லூக்கா பசியோலி தம் கணித நூலில் விளக்கி அச்சிட்ட காலத்திலிருந்து அடிப்படையில் மாறவில்லை. அதை நன்றாகக் கற்றவர் எந்த நாட்டின் வரிப் படிவத்தையும் கொஞ்ச நாள் உழைப்பில் பழகிவிடலாம். மாதச் சம்பளக்காரர்களின் வரிக் கணக்குகூட எப்போதும் எளிதாக இருப்பதில்லை. ஒருவர் பங்கையோ வீட்டையோ விற்றிருந்தால், அதை வாங்கிய விலையும் வாங்கும்போது ஆன செலவும் தெரியாமல் ஆதாயத்தைக் கணக்கிட முடியாது. பல ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தாளைத் தேடி எடுக்கச் செய்வதே அங்கே பாதி வேலை.

தகுதி பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்த வேலையை யார் செய்யலாம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு வரிச் சேவை தருபவர் அதற்குரிய வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அடையாள எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டு பிறருக்குப் படிவம் தயாரித்துக் கொடுக்கலாம். ஆனால் வரித் துறையின் முன் வாடிக்கையாளருக்காக எல்லா விவகாரங்களிலும் வாதாடும் உரிமை வழக்கறிஞர், சான்றுபெற்ற பொதுக் கணக்காளர், துறையின் தேர்வில் தேறிய முகவர் போன்றோருக்கே உண்டு. ஆகவே உங்கள் மகள் தொழில் செய்யப்போகும் இடத்தில் எந்த வேலைக்குப் பதிவு தேவை, எதற்கு வேண்டியதில்லை என்பதை முதலில் எழுத்தில் தெரிந்துகொள்ளட்டும். பட்டயக் கணக்காளர் தேர்வைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணக்கு எழுதிப் பழகிய பின் அதை எழுதுபவருக்குப் பாடம் கையில் பட்ட பொருளாக இருக்கும் என்பதால், இரண்டு ஆண்டு தள்ளிப்போவதில் நட்டம் இல்லை.

வருமானத்தைப் பொறுத்தவரை, தாக்கல் மட்டும் செய்து தருபவருக்கு ஆண்டில் சில மாதங்கள் மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் கை காலியாக இருக்கும். மாதாந்தரக் கணக்கு எழுதும் பொறுப்பை ஏற்பவருக்குச் சிறு தொகையானாலும் சீராக வரும், வரிக் காலத்தில் அவருடைய வாடிக்கையாளர்களின் தாள்களும் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும். இவ்விரண்டையும் சேர்த்தே செய்வது நல்லது.

நெருக்கடி வேறொரு பக்கத்திலிருந்து வரும். இல்லாத செலவுக்கு ஒரு பில் சேர்த்துக்கொள்ளுங்கள், ரொக்க விற்பனையைக் கொஞ்சம் குறைத்துக் காட்டுங்கள் என்று கேட்கும் வாடிக்கையாளர் நிச்சயம் வருவார். சட்டம் அனுமதிக்கும் கழிவுகளை ஒன்றுவிடாமல் எடுத்துக் கொடுப்பது கணக்கரின் கடமை. பொய்யை எழுதுவது வரி ஏய்ப்பு, அதற்கு உடந்தையானவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உலகெங்கும் கணக்காளர்களுக்கென வகுக்கப்பட்ட நெறிமுறைகள் நேர்மையையும் இரகசியம் காப்பதையும் அடிப்படையாக வைப்பது இதனால்தான். இங்கே பெற்றோராகிய உங்களுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. முதல் ஓரிரு ஆண்டுகள் வீட்டுச் செலவின் சுமையை மகளின் வருமானத்தின்மேல் ஏற்றாதீர்கள். அந்த ஒரு வாடிக்கையாளரை இழந்தாலும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்ற நிலையில் இருப்பவரால்தான் ‘முடியாது’ என்று நிமிர்ந்து சொல்ல முடியும்.

இப்போதைக்கு, தனியே பலகை மாட்டுவதைத் தள்ளிவைத்து, ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் குறைந்தது ஒரு முழு நிதியாண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். ஆண்டுத் தொடக்கத்தின் ஆரம்ப இருப்புகளிலிருந்து இறுதிக் கணக்கும் தாக்கலும் முடியும்வரை ஒரே தொழிலின் ஏட்டைத் தன்னிடம் விடுவார்களா, தான் செய்த வேலையைச் சரிபார்த்துப் பிழையைச் சுட்டிக்காட்ட மூத்தவர் ஒருவர் இருப்பாரா என்ற இரண்டையும் அவர் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஆண்டு முழுவதும் தரவு ஏற்றும் வேலை மட்டுமே தரப்படும் என்றால், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் அந்த இடம் அவருக்கு வேண்டாம்.