ஏறும்போது மட்டும் வருகிற ‘வாயு’

ஆல்ப்ஸ் மலையில் ஒரு பகல் நடை போகலாமா என்று கேட்டு எழுதிய கடிதத்தின் முக்கால் பங்கை மூளை வீக்கம், நுரையீரலில் நீர், கைக்கடிகாரம் காட்டும் ஆக்ஸிஜன் அளவு என்று நிரப்பிவிட்டு, கடைசியில் இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள்: “போன மாதம் ஊட்லிபெர்க் ஏறும்போது நடுநெஞ்சில் இறுக்கம், நின்றதும் போய்விட்டது, வாயுதான். அப்பா 51 வயதில் மாரடைப்பில் போனார், எனக்கு இப்போது 47.” நீங்கள் பயப்படுவது இதற்குத்தான். ஆகவே இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வாயுவுக்கு ஏற்றமும் சமதளமும் ஒன்றுதான். ஏறும்போது வந்து, நின்றால் ஓரிரு நிமிடத்தில் அடங்கி, மறுபடி ஏறினால் மறுபடி பிடிக்கிற இறுக்கம் என்றால், இதயத் தசைக்குப் போகும் ரத்தம் போதவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆஞ்ஜைனா என்பது இதைத்தான். சுருக்கென்ற வலி இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. நெஞ்சில் பாரம், தாடைக் கடுப்பு, இடது கை கனத்துப்போவது, வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்குவது என்று எப்படி வேண்டுமானாலும் வரும். ஜெலுசில் குடித்ததும் சரியாகிவிட்டது என்கிறீர்கள். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்ததால்தான் அது சரியாகியிருக்கும். தெற்காசியர்களுக்கு இதய நோய் ஐரோப்பியர்களைவிடச் சுமார் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. அப்பாவின் கதையும் சேர்ந்திருக்கும்போது 47 என்பது சின்ன வயது இல்லை.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். சூரிச் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். காலை ரயிலில் மலையடிவார ஊரான செர்மாட் போய், சுரங்க ரயிலில் சுன்னெகா, அங்கிருந்து கேபிள் காரில் ரோட்ஹார்ன் நிலையம். மதியத்துக்குள் 3,100 மீட்டரில் நிற்பீர்கள். அப்புறம் இரண்டு உச்சிகளுக்கு நடுவிலுள்ள தாழ்வான சேணம் வரை இறங்கி, 3,414 மீட்டர் ஓபர்ரோட்ஹார்ன் உச்சிக்கு 400 மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏற வேண்டும். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும், குளிர்காற்று ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நண்பர்களுக்கு ஈடுகொடுக்க நீங்களும் வேகம் கூட்டுவீர்கள். 870 மீட்டர் ஊட்லிபெர்க் குன்றிலேயே முறையிட்ட இதயம் இதைத் தாங்கும் என்று எப்படி நம்புவது? ஆல்ப்ஸில் நடக்கப் போனவர்களின் மரணங்களில், விழுந்து அடிபடுவதை விட்டுவிட்டால், திடீர் இதய மரணம்தான் முதலிடம். நடுவயதைத் தாண்டிய, வழக்கமாக உடற்பயிற்சி செய்யாத ஆண்களே அதில் அதிகம். மலைக்கு வந்த முதல் நாளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

எனவே பயணத் தேதியைத் தள்ளுங்கள். இந்த வாரமே உங்கள் குடும்ப மருத்துவரிடம் போய், எனக்கு எழுதிய அந்த இரண்டு வரியை அப்படியே சொல்லுங்கள். “ஈசிஜி நார்மல்” என்று ஒரு தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி, ஆஞ்ஜைனா உள்ளவர்களுக்கும் சுத்தமாக இருக்கலாம். இதய நிபுணரைப் பார்த்து, சைக்கிள் மிதிக்கும் சோதனையா, இதயக் குழாய்களுக்கான சிடி ஸ்கேனா என்று அவர் முடிவு செய்யட்டும். அதுவரை ஊட்லிபெர்க்கும் வேண்டாம். சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, வியர்வையோடு வந்தாலோ, நின்ற பிறகும் சில நிமிடங்களில் விடாவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸ் எண்ணான 144-ஐ அழைக்க வேண்டும். காரை எடுத்துக்கொண்டு நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது.

அம்மாவின் நெஞ்சு வலி மாத்திரையான சார்பிட்ரேட்டை “பாதுகாப்புக்கு” பையில் வைத்திருப்பதாகச் சொன்னது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். கற்கள் உருளும் சரிவில் தலை சுற்றினால் என்ன ஆகும்? வலி குறைந்துவிட்டது என்று அதை நம்பித் தொடர்ந்து ஏறுவது அதைவிட மோசம். நண்பர் கொடுத்த, உயர மலை நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உயரத்தில் இரவு தங்குபவர்களில் சிலருக்கு மருத்துவர் எழுதித் தருவது அது. காலையில் ஏறி மாலையில் இறங்குபவருக்குத் தேவையில்லை.

இணையத்தில் படித்த மூளை வீக்கமும் நுரையீரல் நீரும் பொதுவாக உயரத்தில் இரவு தங்குபவர்களுக்கு வருபவை. ஒரு பகல் நடைக்கு அவற்றை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தலைவலி வரலாம், இறங்கினால் போகும். கடிகாரம் ஆக்ஸிஜன் 88 சதவீதம் என்று காட்டினால் அந்த உயரத்தில் அது வழக்கமான எண்தான். பிபி மாத்திரையை அன்றும் வழக்கம்போலப் போடலாம்.

சோதனைகள் நன்றாக வந்து, நிபுணரும் சரி என்றால் தாராளமாகப் போங்கள். முந்தைய நாளே செர்மாட் போய் ஓர் இரவு தங்குங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, வழியில் அடிக்கடி தண்ணீர் குடித்து, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஏறுங்கள். கூட வருபவர்களிடம் அப்பாவைப் பற்றியும் 144 பற்றியும் சொல்லி வையுங்கள். செர்மாட் இருக்கும் வாலிஸ் மாநிலத்தில் மலை மீட்பு ஹெலிகாப்டரையும் அந்த எண்தான் அனுப்பும்.