வெண்டிங் மெஷின் வாங்கும் முன்: முன்பணம் கட்டச் சொன்னால் எதைப் பார்ப்பது?

கேள்வி: முகநூல் விளம்பரம் பார்த்து விசாரித்தேன். 3 வெண்டிங் மெஷின், மொத்தம் 24,000 வெள்ளி (ரிங்கிட்). இடமும் அவர்களே பிடித்துத் தருவார்களாம். மெஷினுக்கு மாதம் 2,000 வெள்ளி லாபம் நிச்சயமாம். இன்றே 10,000 வெள்ளி முன்பணம் கேட்கிறார்கள். நம்பலாமா? – வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இன்று ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். சரக்கை உண்மையாகவே கையில் வைத்திருப்பவர் அடுத்த வாரமும் விற்பார்.

அந்த 2,000 வெள்ளியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டின்னுக்கு 1 வெள்ளி மிஞ்சினாலும் நாளுக்கு 67 டின் விற்றாக வேண்டும். இட வாடகை, மின்கட்டணம், காலாவதியாகும் சரக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்று ஷிஃப்ட் ஓடும் தொழிற்சாலையில் இது நடக்கலாம், அடுக்குமாடி லாபியில் மிகவும் கடினம். "மெஷினை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், மாதாமாதம் பங்கு வரும்" என்று பேச்சு திரும்பினால் அது முதலீட்டுத் திட்டம். நிறுவனப் பதிவு மட்டும் அதற்குப் போதாது. திட்டத்துக்கே தனி அனுமதி வேண்டும். இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

பணம் அதிகம் தொலைவது "நல்ல இடம்" என்ற பேச்சில்தான். எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்தச் சுவர் என்று கேளுங்கள். கட்டட நிர்வாகத்தின் கடிதத்தில் வாடகை, காலம், மின் இணைப்பு மூன்றும் இருக்க வேண்டும். பிறகு நேரில் போய் நிர்வாக அலுவலகத்தில் விசாரியுங்கள். விற்பவர் கொடுத்த எண்ணை அழைத்தால் அவருடைய ஆளே எடுக்கக்கூடும். மாநகர மன்ற உரிமத்தை யார் பெயரில் எடுப்பது என்பதையும் அங்கேயே பேசிக்கொள்ளுங்கள்.

நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மின் இ-இன்ஃபோ தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் நிறுவனம் பதிவான தேதியும் இயக்குநர்கள் பெயரும் கிடைக்கும். மோசடிப் புகார் வந்த கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். அங்கே ஒன்றும் வராவிட்டால் இதுவரை புகார் இல்லை என்று மட்டுமே பொருள். பணம் அனுப்பும் திரையில் தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மெஷினை ஓடும் நிலையில் பாருங்கள். பின்புறமோ கதவின் உள்ளேயோ உள்ள ப்ளேட்டில் மாடல், சீரியல் எண், வோல்ட் இருக்கும். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வரும் பழைய மெஷின் 100 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் பவர் சப்ளை கருகிவிடும். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். குளிர்பான நிறுவனங்கள் கடைகளில் வைக்கும் மெஷின்கள் பெரும்பாலும் அந்த நிறுவனங்களுடையவை, கடைக்காரர் விற்க முடியாது.

நீங்கள் போகும்போதே மெஷின் குளிர்ந்திருந்தால் கதவைத் திறந்து உள்ளே சூடேற விடுங்கள். பிறகு மூடிச் சில மணி நேரம் காத்திருந்து, உங்கள் தெர்மாமீட்டரில் 5 டிகிரிக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸர் பலவீனமாக இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் இறங்காது. ஒவ்வொரு ஸ்பைரலிலும் (பொருளைத் தள்ளும் சுருள் கம்பி) நீங்கள் விற்கப்போகும் பாக்கெட்டையே போட்டு வாங்குங்கள். ஒரு ஸ்பைரலைக் காலியாக விட்டு அழுத்தினால் பணம் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் பொருள் விழுந்ததா என்று பார்க்கும் சென்சார் இல்லை, அல்லது கெட்டுப்போயிருக்கிறது. 10, 20, 50 சென் நாணயங்களோடு 1, 5 வெள்ளி நோட்டுகளில் கசங்கியதையும் போட்டுப் பாருங்கள்.

பலரும் கவனிக்காதது கியூஆர். டூயிட்நவ் (வங்கிகளின் பொதுவான கியூஆர் கட்டண முறை) வழியே வரும் பணம் முதலில் யார் கணக்கில் விழுகிறது? விற்றவர் கணக்கில் விழுந்து பிறகுதான் உங்களுக்கு வரும் என்றால், அவர் காணாமல் போகும் நாளில் உங்கள் வசூலும் போய்விடும். வணிகக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், மெஷினை இயக்கும் போர்டின் பாஸ்வேர்டு உங்களிடம் வர வேண்டும். எம்.டி.பி. (பணம் வாங்கும் கருவிகளை மெஷினோடு சேர்க்கும் பொதுத் தரம்) இணைப்புள்ள மெஷின் என்றால் நாணயம் வாங்கும் காயின் மெக், நோட் ரீடர், கியூஆர் கருவியைப் பின்னால் வேறு கடையில் வாங்கியும் மாற்றலாம்.

முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். முன்பணம் 20 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். மீதியை உங்கள் இடத்தில் மெஷின் ஒரு வாரம் ஓடிய பிறகு கொடுப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொழிலுக்கு வாங்கும் பொருளுக்கு நுகர்வோர் தீர்ப்பாயம் கைகொடுக்காது, அந்தத் தாள்தான் உங்கள் பிடி.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கோ உங்கள் வங்கிக்கோ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு அன்றே போலீஸ் புகார் செய்யுங்கள்.