ஸ்பிரிச்சுவல் பாட்டு: காஸ்பலா, ஃபோக்கா?

கேள்வி: கல்லூரிப் போட்டியில் எங்கள் குழு ‘ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்’ பாடப்போகிறது. காஸ்பல் (கிறிஸ்தவ பக்தி இசை), ஃபோக் (நாட்டுப்புற இசை) என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. யோர்தான் நதி, தேவதூதர்கள் எல்லாம் வருவதால் இது காஸ்பல்தானே?

பதில்: அப்படியே எளிமையாகப் பாடுவதாக இருந்தால் ஃபோக் பிரிவில் பெயர் கொடுங்கள். வேதாகமச் சொற்கள் இருப்பதால் மட்டும் ஒரு பாட்டு காஸ்பல் ஆகிவிடாது. இது அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் பாடிய ‘ஸ்பிரிச்சுவல்’ என்ற பக்திப் பாடல் வகை. நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் 1871இல் பயணம் கிளம்பி, இப்படிப்பட்ட பாடல்களை வெளியுலகுக்குக் கொண்டுபோனார்கள். ஃபோக் என்பதைத் தீர்மானிப்பது பாட்டு வந்த வழிதான்: வாய்வழியாக, ஊருக்கு ஊர் வரிகள் மாறி வருவது. அது காதலாகவும் இருக்கலாம், கொலைக் கதையாகவும் இருக்கலாம், பக்தியாகவும் இருக்கலாம்.

காஸ்பலுக்கோ பொருள்தான் முக்கியம்: இயேசு தரும் மீட்பு. நாம் இன்று காஸ்பல் என்று கேட்கும் இசை 1930களில் சிகாகோவின் கறுப்பினத் தேவாலயங்களில் உருவெடுத்தது. ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசையைப் பியானோவில் வாசித்துவந்த தாமஸ் டோர்சி அதே ப்ளூஸ் நெளிவுகளோடு பக்திப் பாடல்களை எழுதி, அச்சிட்டும் விற்றார்.

சரி, காதால் எப்படிப் பிரித்தறிவது? ஒருவர் பாட, குழு பதில் சொல்வதை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். உங்கள் பாட்டிலேயே அது இருக்கிறது, ஸ்பிரிச்சுவலிலிருந்துதான் காஸ்பலுக்கும் வந்தது. முன்னணிப் பாடகர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். காஸ்பலில் அவர் ஓர் அசையைப் பல ஸ்வரங்களில் இழுப்பார், வரியைத் திரும்பத் திரும்பப் பிடித்துச் சூடேற்றுவார். பியானோவும் ஹேமண்ட் ஆர்கனும் கூடவே ஏறும். நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் கைதட்டு விழும். முடிவில் சுருதியையே அரை ஸ்வரம் உயர்த்துவதும் உண்டு. ஃபோக்கில் பெரும்பாலும் எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டு; கிட்டார், பாஞ்சோ, ஃபிடில் போதும். பாடகர் அடங்கி நின்று வரிகளை முன்னே விடுவார்.

1963 ஆகஸ்ட் 28, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில் காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சனும் ஃபோக் பாடகி ஜோன் பயஸும் பாடினார்கள். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். என் விளக்கத்தைவிட அவை தெளிவாகச் சொல்லும்.

காஸ்பல் பிரிவுதான் வேண்டுமென்றால், இதே பாட்டை அந்த முறையில் அமைத்துக்கொள்ளலாம். அதற்கு மேடையிலேயே கற்பனையாக விரித்துப் பாடக்கூடிய ஒரு தனிக்குரல் அவசியம். குழுவில் அப்படி ஒருவர் இல்லையென்றால் ஃபோக்கே நல்லது. அப்புறம், விண்ணப்பத்தில் ‘ஸ்பிரிச்சுவல், மரபுப் பாடல்’ என்று மறக்காமல் குறிப்பிடுங்கள்.