ஈஸ்டிடம் மருந்து கேட்பது: கேள்வி பதில்

கேள்வி: மூலிகையின் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்தால் மருந்து வந்துவிடுமா?

பதில்: ஒரு மரபணு போதுமென்றால் எங்களைப் போன்ற உயிரிப் பொறியாளர்களுக்கு வேலையே இருந்திருக்காது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினைப் பாருங்கள். ஈஸ்ட் தன் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலைச் செய்யும் வழியில் ஃபார்னசைல் பைரோபாஸ்பேட் என்ற மூலக்கூறு உருவாகிறது. அதைத்தான் வழிமறிக்கிறோம். மொத்தமாகப் பிடுங்கினால் ஈஸ்ட் செத்துவிடும். எனவே எர்கோஸ்டெரால் பக்கம் போகும் மடையை மூடாமல் ஒடுக்கி வைக்கிறார்கள். அடுத்து, செடியிலிருந்து எடுத்து வைக்கும், ஆக்சிஜன் சேர்க்கும் பி450 நொதி. அது மிகுந்தால் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசிந்து செல் தவிக்கிறது. இடையில் உருவாகும் ஆல்டிஹைடும் நஞ்சு. அதை உடனே அமிலமாக்கத் தனி நொதி வேண்டும். இவற்றையெல்லாம் சரிக்கட்டிய பிறகே, 2006இல் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை கிடைத்த ஆர்ட்டிமிசினிக் அமிலம், 2013இல் 25 கிராமானது. அதுவும் மருந்தல்ல, கடைசிப் படியை வேதியியல்தான் முடிக்கிறது.

யார் எதைக் கண்டுபிடித்தாலும் "லிட்டருக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

கேள்வி: ஈ.கோலை என்ற பாக்டீரியாவா, ஈஸ்டா?

பதில்: தாவர பி450 நொதி இருந்தால் ஈஸ்ட். அது ஒட்டி உட்கார செல்லுக்குள் அகப்பிளாச வலை என்ற சவ்வு வேண்டும், ஈ.கோலையிடம் அது இல்லை.

கேள்வி: இன்சுலினும் இப்படித்தானா?

பதில்: இல்லை. இன்சுலின் புரதம்; அதன் செய்முறை மரபணுவிலேயே எழுதியிருக்கிறது. அதனால்தான் 1982இலேயே மருந்தாக வந்தது.

கேள்வி: நித்தியகல்யாணியின் மரபணுவை வைத்தால் புற்றுநோய் மருந்து வருமா?

பதில்: முதல் பதிலைப் படிக்கவும். அந்தப் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினின் இரு பாதிகளான விண்டோலினும் கேதராந்தினும் 2022இல் ஈஸ்டில் வந்தன. சுமார் 30 நொதிப் படிகள். லிட்டருக்கு எவ்வளவு? மைக்ரோகிராம் கணக்கு.

கேள்வி: ஆர்ட்டிமிசினிக் அமிலம் 25 கிராம் என்கிறீர்கள். சந்தையில் ஆர்ட்டிமிசினின் தரும் செடிதானே வென்றது?

பதில்: வென்றது. ஈஸ்ட் வழி ஆலை உற்பத்தியைத் தொடங்கிய நேரத்தில் செடியின் ஆர்ட்டிமிசினின் விலை சரிந்தது. அதில் ஈஸ்டின் குற்றம் என்ன?

அதே வாசகர்: விலையைக் கணக்கில் எடுக்காதது பொறியாளரின் குற்றமில்லையா?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். செடி விளைய மாதங்கள் ஆகும். தட்டுப்பாடு வந்தால் எல்லாரும் விதைப்பார்கள், அறுவடையில் விலை விழும். ஈஸ்ட் வளரும் நொதிகலனோ வாரங்களில் தரும். பஞ்சத்துக்குக் காப்பீடாக அதை வைத்திருப்பது வீணல்ல. ஆனால் தினமும் மலிவாகக் கிடைக்கும் செடியோடு மோதத்தான் ஈஸ்ட் என்று நினைத்தது, நீங்கள் சொல்வதுபோல், எங்கள் பிழை.

கேள்வி: துளசி மரபணுவை ஈஸ்டில்...

பதில்: முதல் பதில்.