மாயத்துக்கும் ஒரு விலை வையுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆறு வயது மகனுக்கு இரவில் நானே ஒரு மாயாஜாலக் கதை கட்டிச் சொல்கிறேன். மூன்றாம் நாளே கொட்டாவி விடுகிறான். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் மாயத்துக்கு அளவே இல்லாததுதான் காரணம். கோலை ஆட்டினால் எல்லாம் நடக்கும் என்றால், ராஜகுமாரி எந்தக் குகையில் மாட்டினாலும் குழந்தைக்குப் பதற்றம் வராது. கோல்தான் இருக்கிறதே!

நம் பழைய கதையைப் பாருங்கள். அரக்கனின் உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கிறது. வேறு எந்த வழியிலும் அவனைக் கொல்ல முடியாது. இந்த ஒரே விதியில் முழுக் கதையும் ஓடிவிடுகிறது.

நீங்களும் ஒரு மாயப் பொருள், ஒரு விதி, ஒரு விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, ஒரு விளக்கு. அதைச் சுவருக்கு நேரே பிடித்தால் இல்லாத கதவு தெரியும், அது விதி. ஒவ்வொரு கதவுக்கும் பிடித்தவருக்கு ஒரு சொல் மறந்துபோகும், அது விலை. முதல் கதவில் 'குடை' போகும், இரண்டாவதில் 'மணல்' போகும். நாலாவதில் தம்பியின் பெயரே போய்விடும். ஐந்தாவது கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று இப்போது உங்கள் மகனே யோசிப்பான். அங்கேதான் கதை அவனுடையதாகிறது.

விதியைக் கதையின் முதல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். பாதியில் சிக்கினால் தப்பிக்கப் புது மந்திரம் கொண்டுவராதீர்கள். அதுவரை சேர்த்த பதற்றம் எல்லாம் வீணாகும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். தூங்கும் நேரக் கதையை ஆபத்தின் உச்சியில் நிறுத்தினால் குழந்தைக்குத் தூக்கம் போய்விடும். நாயகன் பத்திரமாக ஓர் இடம் சேர்ந்த பிறகு, ஒரு சின்னப் புதிரோடு நிறுத்துங்கள்.

கேள்வி: "நேத்து வேற மாதிரி சொன்னீங்களே" என்று மகள் ஓயாமல் திருத்துகிறாள். எரிச்சலாக இருக்கிறது.

பதில்: எரிச்சல் வேண்டாம், அவள்தான் உங்களுடைய நல்ல வாசகி. 1937-ல் 'ஹாபிட்' என்ற மாயக்கதை நூலாக வருவதற்கு முன் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் அதைத் தன் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு நீலம் என்ற வாசற்கதவை இப்போது பச்சை என்கிறீர்களே என்று சிறுவன் கிறிஸ்டோபர் பிடித்துக்கொள்ள, அப்பா எழுந்து போய்க் குறித்துவைத்தாராம். கற்பனை உலகுக்குள் எல்லாம் அதனதன் விதிப்படி நடக்கும்வரைதான் கேட்பவர் நம்புவார், நம்பிக்கை அறுந்தால் மாயம் கலைந்துவிடும் என்று 1939-ல் ஆற்றிய சொற்பொழிவில் அவர் விளக்கினார்.

கதை முடிந்ததும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: பெயர்கள், நிறங்கள், எந்தத் திசையில் என்ன, இன்னும் அவிழாத முடிச்சு எது. அதையும் மீறித் தவறினால் "கதைதானே, விடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "அப்படின்னா ராத்திரியில யாரு பெயின்ட் அடிச்சிருப்பாங்க?" என்று அவளிடமே கேளுங்கள். அடுத்த நாள் கதை கிடைத்துவிடும்.

கேள்வி: ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறானே?

பதில்: சொல்லுங்கள். முதல் தடவை 'அப்புறம் என்ன' என்று கேட்கிறான். பிறகு தனக்குத் தெரிந்தது வரப்போகிறதே என்ற மகிழ்ச்சிக்காகக் கேட்கிறான். அவனுக்குப் பிடித்த வரிக்கு முன் மூச்சுவிடும் நேரம் நிறுத்துங்கள், அவனே சொல்லி முடிப்பான்.

கேள்வி: இந்த ஆசை பெரியவளான பிறகும் நிலைக்க என்ன செய்யலாம்?

பதில்: கேட்பவளைக் கட்டுபவளாக மாற்றுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் கதை நடக்கும் நாட்டை வரையச் சொல்லுங்கள். இதுவரை போன இடங்கள் மட்டும் போதும். ஓரங்கள் வெறுமையாக இருக்கட்டும், ஆசை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவல் மாயக்கதை அல்ல, ஆனாலும் பிறந்த வழி இதுதான். 1881-ல் மனைவியின் மகனோடு பொழுதுபோக்காக வரைந்த ஒரு தீவின் படத்தில் அது தொடங்கியது. எழுதிய அத்தியாயங்களை வீட்டாருக்குப் படித்துக்காட்ட, ஒரு கடலோடியின் பெட்டியில் என்னென்ன இருந்தன என்று அவருடைய அப்பா பட்டியலே போட்டுக் கொடுத்தார். தாத்தா பாட்டிக்கும் இப்படி ஒரு பெட்டியை ஒப்படையுங்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் பலர் வாய்க்கதையை நிறுத்திவிடுகிறார்கள், பெரிய தவறு. எழுத்தோடு மல்லுக்கட்டும் வயதில் காது கண்ணைவிட வெகுதூரம் முன்னால் இருக்கும். தடித்த புத்தகம் என்றால் முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்கள் உரக்கப் படியுங்கள். ஊர்களும் பெயர்களும் காதில் பழகிய பிறகு, மூன்றாவது அத்தியாயத்தின் நடுவில் புத்தகத்தை அவள் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு எழுந்து போங்கள்.